பெருநாள் விருந்துக்கு ஓடாத, திகட்டாத சோளப் பிரட்டல்

கோலாலம்பூரின் செராசிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம். இருபத்தைந்து பேர் வருவார்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் கோழி ரெண்டாங்கையும் மாமியார் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள், பெரியவர்கள், சைவக்காரர்கள் எல்லாரும் தொட்டுக்கொள்ளும்படி சோளத்தில் ஒன்று செய்வது என் பொறுப்பு. நன்றி நவிலும் நாளுக்கு அமெரிக்கர்கள் செய்யும் கிரீம் சோளத்தை அவர்கள் குறிப்புப்படியே வெண்ணெய், பால், சீனி போட்டுச் செய்து பார்த்தேன். ஒரே தித்திப்பு, அதோடு தண்ணீராகவும் ஓடுகிறது. எளிதாக, முதல் நாளே பாதி வேலையை முடித்துவைக்கும்படி ஒரு வழி சொல்லுங்கள்."

சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அந்தக் குறிப்பு வேறொரு சோளத்துக்காக எழுதப்பட்டது. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் எந்தக் குறிப்பையும் நீங்களே நம் சமையலுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பாட்டிமார்களின் குறிப்புகள் பழைய வகை இனிப்புச் சோளத்தை நம்பி எழுதப்பட்டவை. அந்த மணிகளுக்குள் சர்க்கரையோடு, நீரில் கரையும் ஒருவகை மாப்பொருளும் நிறைய இருக்கும். கத்தியால் கதிரைச் சுரண்டினால் வரும் பால், அடுப்பில் வைத்ததுமே தானாகக் குழைந்து கெட்டிப்படும். ஆனால் அந்த வகையின் சர்க்கரை நிலைக்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் அதன் சர்க்கரையில் 60 விழுக்காடு வரை மாவாக மாறிவிடும். அதனால்தான் அந்தக் குறிப்புகளில் கூடுதலாகச் சீனி போடச் சொல்கிறார்கள்.

இன்று கோலாலம்பூர்ச் சந்தைகளுக்கு வருவதில் பெரும்பகுதி மிகை இனிப்பு வகை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் 1950களில் திறந்துவைத்த பாதையில் பிறந்த சோளங்கள் இவை. சர்க்கரை பழைய வகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அது மாவாக மாறும் வேகமும் மிகக் குறைவு. அதனால் லாரியில் வந்து சந்தையில் ஒரு பகல் கிடந்தாலும் இனிப்பு குறைவதில்லை. ஆனால் குழைந்து கெட்டிப்படும் அந்த மாப்பொருள் இவற்றில் அநேகமாக இல்லை. மணியின் தோலும் சற்றுத் தடிமன். இப்படிப்பட்ட சோளத்தில் சீனியையும் பசும்பாலையும் சேர்த்தால் உங்களுக்கு வந்தது போலத்தான் வரும்.

ஆகவே நம் ஊரில் சோளத்தைத் தொடுகறியாக்குவது என்றால் இரண்டு காரியங்கள். தண்ணீரைக் கட்ட வேண்டும், இனிப்பை அடக்க வேண்டும். இனி நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

திறந்த இல்ல உபசரிப்பில் பலர் நின்றுகொண்டே, காகிதத் தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். தட்டின் ஒரு மூலையில் இறைச்சிப் பிரட்டல், பக்கத்தில் தயிர்ப் பச்சடி, முறுக்கு ஒன்று, இடையில் சோளம். சோளத்தின் சாறு ஓடினால் முறுக்கும் நனையும், இறைச்சியின் காரமும் கெடும். வாழையிலையில் பரிமாறினாலும் இதே கதைதான். கரண்டியால் எடுத்து வைத்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் வருவதால்தான் தேங்காய்ப் பாலில் செய்யும் பிரட்டலைப் பரிந்துரைக்கிறேன். சோளத்துக்கும் தேங்காய்ப் பாலுக்கும் இந்நாட்டில் உறவு புதிதல்ல. மலாய்க்காரர்களின் புபூர் ஜாகுங் என்னும் இனிப்புச் சோளக் கஞ்சியைச் சாப்பிட்டவர்களுக்கு அது தெரியும். நாம் அதே சேர்க்கையை இனிப்பிலிருந்து உப்பு, காரம், புளிப்பின் பக்கம் திருப்புகிறோம்.

இருபத்தைந்து பேருக்கு, மற்ற கறிகளும் இருக்கும் விருந்தில், ஆளுக்கு அரைக் கோப்பை போதும். பெரிய கதிர் ஒன்றில் ஏறக்குறைய ஒரு கோப்பை மணி கிடைக்கும். பன்னிரண்டு கதிர் வாங்குங்கள். சிறியதாக இருந்தால் பதினைந்து. உதிர்த்த மணி ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்க வேண்டும்.

வாங்கும்போது எந்தச் சந்தையிலும் கதிரை உரித்துப் பார்ப்பதை வியாபாரிகள் விரும்புவதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உரித்துப் போட்ட கதிரை அடுத்தவர் வாங்கமாட்டார். உரிக்காமலே பார்க்கலாம். காம்பு வெட்டிய இடம் வெளிறி ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து பழுப்பேறியிருந்தால் பழசு. மடல் பச்சையாக, கதிரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நுனி நார் பழுப்பாக இருக்கலாம், ஆனால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது. பெருவிரலால் மடலின் மேலேயே நுனி வரை அழுத்திக்கொண்டு போங்கள். மணிகள் வரிசையாகத் தட்டுப்பட்டுக்கொண்டே வந்து நுனியில் மட்டும் கொஞ்சம் குறைந்தால் நல்ல கதிர். பாதியிலேயே வெறுமை தெரிந்தால் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணியை நகத்தால் கீறிப் பாருங்கள். பால் போன்ற சாறு வந்தால் பிஞ்சும் முற்றலும் அல்லாத பதம். தெளிந்த நீர் வந்தால் இளசு, ஒன்றும் வராமல் மாவாக ஒட்டினால் முற்றல். முற்றலைத் தூக்கிப் போட வேண்டாம். அரைப்பதற்கு அதுதான் நல்லது, சாறு விரைவில் கெட்டிப்படும்.

கேமரன் மலையில் கிடைக்கும் வெள்ளை முத்துச் சோளத்தை இதற்கு வாங்காதீர்கள். பச்சையாகக் கடித்துத் தின்ன அருமையான சோளம் அது. சமைக்கும்போது அதன் இனிப்பு நமக்கு எதிராக நிற்கும்.

மணியை உதிர்க்கும் வேலை பலருக்கும் பிடிக்காது. மணிகள் சமையலறை முழுக்கச் சிதறும். அதற்கு ஒரு வழி உண்டு. பெரிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு சிறிய கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். கதிரின் அடிப்பகுதியை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, நுனியை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கத்தியை மேலிருந்து கீழாக இழுங்கள். மணிகள் பட்டை பட்டையாகத் தாம்பாளத்திலேயே விழும். கத்தியை நெட்டி (கதிரின் நடுத்தண்டு) வரை ஆழமாக விடக்கூடாது. மணியின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வெட்டுப்பட வேண்டும். அதற்குக் கீழே போனால் சொரசொரப்பான உமி கூட வந்து பல்லில் சிக்கும். எல்லாம் வெட்டியபின் கத்தியின் முதுகால் நெட்டியை அழுத்தி வழித்தால் மீதிச் சதையும் பாலும் இறங்கும். இதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். நெட்டிகளை எறிந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நேரமில்லாதவர்கள் உறைபனிச் சோளம் வாங்கலாம். பறித்த சூட்டோடு வெந்நீர் காட்டி உறைய வைப்பதால் தரத்தில் குறை இல்லை. பலர் செய்யும் தவறு, அதைத் தண்ணீரில் போட்டு இளக்குவது. பையிலிருந்து நேராகச் சூடான குவாலியில் (அகன்ற வாணலியில்) கொட்டிப் பெரிய தீயில் புரட்டுங்கள். ஒட்டியிருக்கும் பனி ஆவியாகிப் போய்விடும். டின்னில் வரும் முழு மணி உப்பு நீரிலேயே ஊறிக் கிடப்பதால் மென்மை கூடி, கடிக்கும்போது உள்ள மொறுமொறுப்பு போய்விடும். என் தேர்வில் அது கடைசி. ஆனால் டின்னில் வரும் கிரீம் சோளம் வேறு விஷயம். அதில் ஏற்கெனவே மாப்பொருள் சேர்த்திருப்பதால், கீழே சொல்லும் அரைத்த விழுதுக்குப் பதிலாக அதை அப்படியே பயன்படுத்தலாம். பன்னிரண்டு கதிருக்கு இரண்டு டின். அப்போது அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி போதும், உப்பையும் பார்த்துப் போடுங்கள்.

தேங்காய்ப் பால் கெட்டியாக அரை லிட்டர் வேண்டும். சௌகிட், செலாயாங் சந்தைகளில் கண்முன்னே துருவி இயந்திரத்தில் பிழிந்து தருகிறார்கள். தண்ணீர் சேர்க்காமல் பிழியச் சொல்லுங்கள். வாங்கியதும் வீட்டுக்கு வந்து உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இந்த வெயிலில் பச்சைத் தேங்காய்ப் பால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். மணம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. பெட்டிப் பாலிலும் ஒரு நன்மை உண்டு. அதில் பால் பிரியாமல் இருக்கச் சிலவற்றைச் சேர்த்திருப்பதால், சூட்டில் திரிந்துபோகும் அபாயம் குறைவு. முதன்முறை செய்கிறவர்கள் பெட்டிப் பாலில் தொடங்குவதே நல்லது.

இனி சமையல்.

உதிர்த்த மணியில் மூன்று கோப்பையும், நெட்டியிலிருந்து வழித்ததும், பாதித் தேங்காய்ப் பாலும், மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவும் சேர்த்து அரவை இயந்திரத்தில் இரண்டு நிமிடம் நன்றாக ஓட விடுங்கள். இந்த வகைச் சோளத்தின் தோல் தடிமன் என்று சொன்னேன் அல்லவா, அரைகுறையாக அரைத்தால் விழுதில் திப்பி திப்பியாக நிற்கும். சோளத்தில் இல்லாத கெட்டியை அரிசி மாவு கொடுக்கிறது. தேங்காய்ப் பால் பிரியாமல் பிடித்துவைப்பதும் அந்த மாவுதான். சோள மாவு போட்டாலும் கெட்டிப்படும், ஆனால் பளபளவென்று கோந்து மாதிரி ஆகி, மீண்டும் சூடாக்கும்போது நீர்த்துப்போகும். அரிசி மாவு இரண்டாம் முறை சூட்டையும் தாங்கும்.

மீதி ஒன்பது கோப்பை மணியை வறுக்க வேண்டும். இந்தப் பிரட்டலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அகன்ற குவாலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கொஞ்சம் வெண்ணெயும் விட்டு, தீயைப் பெரிதாக வைத்து, மணியை மூன்று பங்காகப் பிரித்துத் தனித்தனியாக வறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, சோளம் தன் தண்ணீரிலேயே வேகத் தொடங்கும். கொட்டியதும் முதலில் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். ஆவி அடங்கியபின் சத்தம் மாறி, படபடவென்று சின்னச் சின்ன வெடிப்புகள் கேட்கும். சில மணிகள் துள்ளி வெளியே விழும். முகத்தைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ளுங்கள். இப்போது புரட்டினால் மணிகளின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். இரவுச் சந்தையில் சுடுசோளம் சுடும் இடத்தில் வருகிற அதே மணம் எழும். ஒவ்வொரு பங்குக்கும் ஐந்தாறு நிமிடம். அந்தப் பழுப்பில் உள்ள இளங்கசப்பு இனிப்பை அடக்குகிறது, கூடுதல் தண்ணீரும் போய்விடுகிறது. இந்தக் கட்டத்தில் உப்புப் போடாதீர்கள். போட்டால் மணி நீர் விட்டுவிடும்.

வறுத்ததை எடுத்துவைத்துவிட்டு, அதே குவாலியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, மெல்லிசாக நறுக்கிய சின்ன வெங்காயம் இருநூறு கிராம், பொடியாக நறுக்கிய இஞ்சி இரண்டு அங்குலத் துண்டு, கீறிய பச்சை மிளகாய் நான்கு, தட்டிய செராய் (எலுமிச்சைப் புல்) ஒரு தண்டு போட்டு வதக்குங்கள். பண்டான் இலை போடலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் போடுவதில்லை. பண்டான் மணம் வந்த உடனே நாக்கு இனிப்புப் பதார்த்தத்தை எதிர்பார்க்கிறது. நாம் இழுக்கிற பக்கம் வேறு. செராய் அந்த வேலையைச் சரியாகச் செய்யும். வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள். அதற்கு மேல் வேண்டாம், சோளத்தின் நிறமே போதும்.

தீயைக் குறைத்துவிட்டு விழுதை ஊற்றுங்கள். இங்கிருந்து ஆறேழு நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. கரண்டி அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். பிறகு ஓரங்களில் கெட்டிப்படத் தொடங்கி, சட்டென்று முழுவதும் கூழாகும். பச்சை மாவு வாசனை போய், கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் இரண்டு மூன்று நொடி நிற்கும். அதுதான் பதம். இப்போது வறுத்த மணி, மீதித் தேங்காய்ப் பால், தலைதட்டிய மூன்று தேக்கரண்டி உப்பு. மெல்லிய கொதியில் நான்கு நிமிடம். தளதளவென்று கொதிக்க விட்டால் தேங்காய்ப் பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும்.

அடுப்பை அணைத்துச் செராய்த் தண்டை எடுத்துவிட்டு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி கலக்குங்கள். ஐந்து நிமிடம் ஆறியபின் கஸ்தூரி எலுமிச்சை என்னும் சிறு எலுமிச்சையில் எட்டுப் பழத்தின் சாறு. சூடு தணியாமல் புளிப்பு ஊற்றினாலும் பால் திரியும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. சாறு ஊற்றுவதற்கு முன் ஒரு வாய், ஊற்றியபின் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். அதுவரை இனிப்பாகவே இருந்த ஒன்று, உப்பும் உறைப்பும் புளிப்புமாக நிமிர்ந்து நிற்பது தெரியும். இன்னும் இனிப்பு மேலோங்கினால் உப்பைக் கூட்டுவதற்கு முன் புளிப்பைக் கூட்டுங்கள்.

கடைசியாகத் தாளிப்பு: கடுகு இரண்டு தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் நான்கு, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. முதலிலேயே தாளித்துக் கொட்டினால் உளுந்து ஊறிப் பதம் கெடும், கறிவேப்பிலை கறுத்துப்போகும். பரிமாறுவதற்குச் சற்று முன் மேலே கொட்டினால் பார்க்கவும் அழகு.

முதல் நாள் எதை முடித்துவைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மணியை உதிர்த்து மூடிய பாத்திரத்தில் குளிரில் வைக்கலாம். வெங்காயம், இஞ்சி நறுக்கி வைக்கலாம். மறுநாள் முக்கால் மணி நேரத்தில் மீதி வேலை முடியும். காலையில் எண்ணெய்க் குளியல், சாமி கும்பிடுவது, பிள்ளைகளுக்குப் புத்தாடை என்று நேரமே இருக்காது என்றால் தாளிப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் பாக்கி வைத்து, முழுவதையும் முதல் நாளே சமைத்துவிடுங்கள். ஆழமான சட்டியில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் இறுகியிருக்கும். கால் கோப்பை வெந்நீர் தெளித்து, மெல்லிய தீயில் கிளறி, எல்லாப் பக்கமும் குமிழி வரும்வரை சூடாக்குங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். தேங்காய்ப் பால் சேர்ந்த எதையும் நம் வெயிலில் மேசைமேல் காலை பதினொன்றிலிருந்து மாலை வரை வைக்கக்கூடாது. பரிமாறும் பாத்திரத்தின் கீழே சூடு இருந்து, உணவு 60 டிகிரிக்கு மேல் நிற்குமானால் கவலை இல்லை. சூடு இல்லையென்றால் இரண்டு மணி நேரம்தான். கூடாரத்துக்குக் கீழே, வெளியே வைத்திருந்தால் ஒரு மணி நேரம். ஆகவே நான்கில் ஒரு பங்கை மட்டும் மேசைக்கு அனுப்புங்கள். மீதி குளிரில் இருக்கட்டும். பாத்திரம் காலியானதும் கழுவிய பாத்திரத்தில் புதிதாகச் சூடாக்கியதைக் கொண்டுவாருங்கள். பழைய மீதியின் மேலேயே புதியதைக் கொட்டும் பழக்கம் வேண்டாம். விருந்தாளிகளில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள்.

வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால், நெய் கூடச் சேர்க்காதவர்கள் இருந்தால் வெண்ணெயை விட்டுவிட்டுத் தேங்காயெண்ணெயிலேயே வறுங்கள், சுவை குறையாது. சீன நண்பர்களில் பௌத்த சைவக்காரர்கள் வெங்காயமும் பூண்டும் தொடமாட்டார்கள். அவர்களுக்காகச் சிறு சட்டியில் வெங்காயம் இல்லாமல், இஞ்சியையும் செராயையும் இரட்டிப்பாக்கித் தனியே செய்துவைத்தால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அவர்கள் முகமே சொல்லும். மலாய் அண்டை வீட்டார் வருவார்கள் என்றால் மார்ஜரின், பெட்டிப் பால் போன்றவற்றில் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். எல்லாருக்கும் பொதுவானது ஒன்று: சோளத்துக்கென்று தனிக் கரண்டி. இறைச்சிக் கரண்டி ஒரு தடவை உள்ளே போனால் சைவக்காரர்களுக்கு அந்தப் பாத்திரமே இல்லாமல் போய்விடும். சோளத்தை மேசையின் மறு கோடியில், அப்பளத்தின் பக்கத்தில் வைத்தால் கரண்டி மாறாது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டுச் சமைத்து, மிளகு தூவுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் போதும். கோப்பையில் மார்ஜரினும் உப்பும் போட்டுத் தரும் இரவுச் சந்தைச் சோளத்துக்குப் பழகிய பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.

இனிப்பு நீர் உள்ள பெரியவர்களிடம் சோளத்தைக் காய்கறி என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். நூறு கிராம் இனிப்புச் சோளத்தில் ஏறக்குறைய 19 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சோற்றின் கணக்கில்தான் அதைச் சேர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீட்டு விருந்துக்கு வருகிறவர்களிலும் அவர்கள் இருப்பார்கள். அந்தப் பெரியவர்களுக்குச் சோளம் வைத்தால் சோற்றைக் குறைத்து வைப்பதுதான் அன்பு. சீனி சேர்க்காமல் செய்யும் இந்த முறையை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் வைக்கும் உறவினர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்கு அடுமனைத் தட்டில் வருகிற மாதிரி ஒன்று வேண்டும், பொரித்த கோழிக்கோ வேகவைத்துச் சுட்ட கோழிக்கோ பக்கத்தில் வைக்க. இதே பிரட்டலைத் தாளிப்பு இல்லாமல், இன்னும் சற்று இறுக்கமாகச் செய்து தட்டில் பரப்புங்கள். கிரீம் கிராக்கர் பிஸ்கட் பதினைந்தை நொறுக்கி, உருக்கிய வெண்ணெய் நான்கு மேசைக்கரண்டியும் கிள்ளிய கறிவேப்பிலையும் பிசறி மேலே தூவி, ஓவனில் 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம், மேல்பக்கம் பொன்னிறமாகும்வரை. தட்டை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டால் கரண்டிக்குக் கட்டியாக வரும். இதற்குச் சீஸ் போடச் சொல்கிறவர்கள் உண்டு. தேங்காய்ப் பால் இருக்கும் இடத்தில் அது அதிகப்படி, உப்பும் கணக்குத் தப்பும். பொங்கலுக்கு என்றால் மாறாகத் தேங்காய்ப் பாலையே விட்டுவிட்டு, வறுத்த மணியில் தாளிப்பும் தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்துச் சுண்டலாகவே வைத்துவிடுங்கள். சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் கனமான கறி எடுபடாது.

எடுத்துவைத்த நெட்டிகளை இரண்டிரண்டாக ஒடித்து, மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி, இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். மெல்லிய இனிப்பும் சோள மணமும் உள்ள சாறு கிடைக்கும். விருந்து முடிந்த மறுநாள் எல்லாருக்கும் வயிறு கனத்திருக்கும்போது, பருப்புத் தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றி மிளகு ரசம் வைத்துப் பாருங்கள். மீந்த பிரட்டல் குளிரில் இருந்தது கொஞ்சம் இருந்தால், ஒரு முட்டையும் கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் சிறு கரண்டியாக விட்டுப் பொரித்தால் மாலைத் தேநீருக்குச் சோளக் குச்சோர் தயார். மேசையில் வெகுநேரம் கிடந்ததை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்.

ஆள் தொகை இருபத்தைந்திலிருந்து ஐம்பதானால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி ஒரே பெரிய சட்டியில் போட வேண்டாம். வறுப்பதை ஆறு பங்காகச் செய்யுங்கள், விழுதை இரண்டு குவாலியில் தனித்தனியாகக் காய்ச்சுங்கள். மிளகாயையும் செராயையும் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். உப்பை மட்டும் முதலில் ஒன்றரை மடங்கு போட்டுச் சுவைத்துவிட்டு மீதியைச் சேருங்கள். எலுமிச்சை தாராளமாக இருபது பழம் வாங்கிவையுங்கள். வெட்டிய துண்டுகளை ஒரு சிறு தட்டில் சோளத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால், இன்னும் புளிப்பு வேண்டுகிறவர்கள் தாங்களே பிழிந்துகொள்வார்கள்.